யாரு கை வெச்சது?

ஒழுகுகிற எதையும் அவர் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார். லாரி ரேடியேட்டராக இருக்கலாம், டீக்கடைக் குழாயாக இருக்கலாம், யாரோ சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற மண்ணெண்ணெய் டின்னாகக்கூட இருக்கலாம். நிறுத்துவார். குனிந்து பார்ப்பார். தொடமாட்டார். நிமிர்ந்து, அதற்குச் சொந்தக்காரன் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்.

"யாரு கை வெச்சது?"

பதில் வராமல் ஸ்பேனரை எடுக்கமாட்டார். இரும்பும் ரப்பரும் தானாக ஒழுகாது, எந்த ஒழுகலுக்கும் பின்னால் ஒரு மனுஷன் கை இருக்கும் என்பது அவர் கட்சி. அந்தக் கை யாருடையது என்று தெரிந்துகொண்டால்தான் அது என்ன கோளாறு பண்ணியிருக்கும் என்று தெரியும் என்பார். அது பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றும். மீதி, கண்டுபிடித்து நாலு பேர் முன்னால் சொல்வதில் அவருக்கு இருந்த சந்தோஷம்.

தர்மபுரியில் சேலம் ரோட்டில், கடைகள் முடிகிற இடத்தில் அவருடைய ஷெட். தகரக் கூரை, முன்னால் ஒரு டீக்கடை. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓசூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், ஷெட்டில் தமிழ், கோபம் வந்தால் ஷெட்டிலும் கன்னடம். "சும்னிரப்பா!" என்றால் வாயை மூடு என்று அர்த்தம். அதற்கு மேலும் பேசினவனுக்கு அன்றைக்கு வண்டி கிடைக்காது.

ஆள் குள்ளம். காக்கி அரை டிராயர். தோளில் மடித்துப் போட்ட ஒரு வெள்ளைத் துணி. கை துடைக்க அழுக்குத் துணி வேறு வைத்திருப்பார்; தோளில் இருப்பதை எடுத்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதை வண்டிக்கு அடியில் விரித்து, எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிவிட்டு, எதிர்க் கடைக்குப் போய் ஒரு டீ குடிப்பார். திரும்பி வரும்போது துணி வெள்ளையாகவே இருந்தால் உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"எங் கை வெச்ச எடம் ஒழுவாது. எடுத்துக்கிட்டுப் போ."

இதைச் சொல்லும்போது ஒரு அங்குலம் உயரம் கூடினமாதிரி இருப்பார்.

பாலக்கோட்டிலிருந்து ஒருத்தர் டிராக்டர் கொண்டுவந்திருந்தார். எண்ணெய் போகிற குழாய் ஒழுகுகிறது. அதுவாகவே ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டார் பாவம்.

"அதுவா ஒழுவறதுக்கு அது என்னா, உம் மூக்கா? யாரு கை வெச்சது?"

"மச்சான் ஒருத்தரு லேசாத் தட்டினாருங்க மேஸ்திரி."

"எதால தட்டினாரு?"

"சுத்தியாலதாங்க. ஆனா லேசாத்தான்."

"மச்சானுக்கு என்னா தொழிலு?"

"கெணறு வெட்டறாருங்க."

"அதான் பாத்தேன். பாறைன்னு நெனச்சுட்டாரு."

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த பெஞ்சு எப்போதும் காலியாக இருக்காது. டீ குடிக்க வருகிறவர்களைவிட, இன்றைக்கு யாருடைய கை மாட்டுகிறது என்று பார்க்க வருகிறவர்கள் அதிகம்.

இன்னொரு முறை சித்தேரி மலை ஏறுகிற பஸ் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே கம்பி விட்டுப் பார்த்தார். கம்பியில் கெட்டியாக, பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். டிரைவரைப் பார்த்தார்.

"என்னா இது? ரேடியேட்டர்ல களி கிண்டியிருக்கற?"

ஒழுகலை அடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். டிரைவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்.

"மாவு யாரு குடுத்தது?"

"வூட்லதாங்க... சம்சாரம்."

"அப்ப இது ரெண்டு பேரு கை. களி நல்லாத்தான் வெந்திருக்குது. கொழம்பு எங்க?"

அன்றைக்கு முழுக்க அந்த ரேடியேட்டரைச் சுரண்டிக் கழுவினார். திட்டிக்கொண்டேதான் கழுவினார். ஆனால் மலைக்கு ஏறவேண்டிய ஜனங்கள் ரோட்டோரம் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்ததால் சாப்பிடப் போகவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

ஊரில் எல்லாருடைய கையையும் கண்டுபிடித்தவர், தன் கையை மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் வீடு ஷெட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் சம்சாரத்தை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஒருநாள் அக்கா பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். கழுத்தில் மண்ணெண்ணெய் கசிகிறது. இவர் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து பார்த்து, "யாரு கை வெச்சது?" என்றார்.

"தாலி கட்டுன கைதான்," என்றார் அக்கா. "போன வாரம் நீங்கதான ஊசி வெச்சு நோண்டுனீங்க?"

பெஞ்சு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. மேஸ்திரி ஸ்டவ்வை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"வாசர் பழசு," என்றார்.

"வாசர் பழசுதான். கை புதுசாக்கும்," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு காரால். தர்மபுரி தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் ஒரு புளி மண்டியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மண்டி முதலாளி நல்லவர், முன்கோபி. இடுப்பில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி செருகியிருப்பார். மூட்டையைக் குத்திப் புளியை எடுத்துப் பார்க்க அது. பெங்களூரில் ஏலத்துக்கு வந்த ஒரு நீளமான வெளிநாட்டுக் காரை அவர் வாங்கிவிட்டார். தந்த நிறம். கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே விழும். என்னை வேனிலிருந்து இறக்கிக் காரில் உட்காரவைத்தார். இடது காலுக்கு வேலையில்லாமல் கொஞ்ச நாள் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பாலக்கோட்டில் பெண் பார்த்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பெண் வீட்டிலும் குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மாப்ள பிளஷர் கார் ஓட்டறாருங்களா?" ஆமாம் என்றதும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆக, அந்தக் கார் சாவியில்தான் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

கியர் தானாக விழுவது ஒரு எண்ணெயின் வேலை. ஓட ஓட அந்த எண்ணெய் சூடாகும். அதை ஆறவைக்க, கியர்ப் பெட்டியிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் ரேடியேட்டரின் அடிப்பகுதிக்குப் போகும். ஒன்றில் சூடான எண்ணெய் போகும், இன்னொன்றில் ஆறின எண்ணெய் திரும்பும். குழாய் ரேடியேட்டரில் சேருகிற இடத்தில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் மாட்டி, கிளாம்பு போட்டு இறுக்கியிருக்கும். அந்த இடத்தில்தான் எங்கள் கார் ஒழுகியது. ஒழுகினால் பரவாயில்லை. எண்ணெய் ரத்தச் சிவப்பு.

ஆடி மாதம் இண்டூரில் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம். மாரியம்மன் கோவிலுக்கு எதிரே காரை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது.

"ரத்தமுங்க! எதையோ அடிச்சுட்டு வந்திருக்காங்க!"

குனிந்து தேடினார்கள். அடியில் ஆடும் இல்லை, நாயும் இல்லை. ஒரு பெரியவர் யோசித்துச் சொன்னார்: "அடிபட்டிருந்தா டயர்ல இருக்கும். இது வயித்துலருந்து வருது. வண்டி காவு கேக்குது."

"எண்ணெய்ங்க," என்றேன் நான். அது எனக்கே கேட்கவில்லை. முதலாளிக்கும் ஆடி மாதத்தில் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. எலுமிச்சம்பழம் வந்தது, குங்குமம் வந்தது, பிறகு சேவல் வந்தது. முன் டயருக்குப் பக்கத்தில் அறுத்தார்கள். சேவலின் ரத்தமும் காரின் எண்ணெயும் ஒன்றாக ஓடி, எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. குழம்பு நன்றாக இருந்தது. கார் ஒழுகுவது நிற்கவில்லை.

மறுநாள் ஷெட்டில் இதைச் சொன்னேன். மேஸ்திரி சிரிக்காமல் கேட்டார்.

"சேவல் மேல கை வெச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஹோஸ் மேல யாரு கை வெச்சது?"

"நான் வெக்கலீங்க மேஸ்திரி."

கழற்றிப் பார்த்தார். பெங்களூரில் எவனோ தண்ணீருக்குப் போடுகிற ஹோஸைப் போட்டிருந்தான். எண்ணெயில் ஊறி அது பணியாரம்போல உப்பியிருந்தது. எண்ணெய் தாங்குகிற ஹோஸ் வரவழைத்தார். குழாய் முனையைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினார். முனைக்குக் கொஞ்சம் உள்ளே குழாயில் ஒரு சின்ன மேடு உண்டு. ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி நன்றாக ஏறவேண்டும், கிளாம்பு அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று எனக்குக் காட்டினார். பிறகு திருகினார். நான் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கலாமுங்களா?"

"சும்னிரப்பா. இறுக்கினா ரப்பரு அறுந்துபோவும். கவ்வினாப் போதும்."

துணியை விரித்தார், டீ குடித்தார், துணி வெள்ளையாக இருந்தது. வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி சிவப்பு.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் கை வைத்த இடம் ஒழுகுகிறது! பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். கிளாம்பு ரப்பருக்குள் புதைந்து கிடந்தது. திருகின் வாய் பிய்ந்திருந்தது.

"யாரோ முறுக்கியிருக்காங்க. ஸ்குரூ டிரைவர் இல்ல, வேற என்னமோ வெச்சு. இங்க பாரு, புளி ஒட்டியிருக்குது."

என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மண்டியில் எல்லோர் கையிலும் புளி ஒட்டியிருக்கும், என் கை உள்பட. அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"இது கோவத்துல முறுக்குன கை இல்ல," என்றார் தனக்குத்தானே. "பாசத்துல முறுக்குன கை. தெனம் கொஞ்சம் கொஞ்சமா."

அறுபட்ட நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கிளாம்பு போட்டார். பிறகு ஒரு வேலை பண்ணினார். தீர்ந்துபோன டார்ச் லைட் பேட்டரிக் கட்டை ஒன்றை உடைத்து, உள்ளே இருக்கிற கரியை நன்றாகப் பொடித்து, கிரீஸில் குழைத்துத் திருகின் தலையிலும் அதைச் சுற்றியும் தடவினார்.

"இது சோப்புக்குப் போவாது. எவன் கையில இந்தக் கறுப்பு இருக்குதோ, அவன இந்த பெஞ்சுக்கு முன்னாடி நிறுத்திக் கேக்கறேன். நீ பாரு."

பெஞ்சில் இருந்தவர்கள் நாள் எண்ண ஆரம்பித்தார்கள்.

முதலாளியின் பெண்ணுக்குச் சேலத்தில் வரன் கூடியிருந்தது. அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் பேசி முடிக்கப் போனோம். சம்பந்தி வீட்டு வாசலில் பெரிய கோலம். அதை மிதிக்காமல் ஓரமாகத்தான் நிறுத்தினேன். ஆனால் தரை வாட்டமாக இருந்தது. பேசி முடித்து, பாக்கு வெற்றிலையோடு எல்லோரும் வெளியே வந்தபோது, வெள்ளைக் கோலத்தின் நடுவில் சிவப்பு வந்து தேங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தொப்பூர்க் கணவாய் ஏறும்போது முதலாளி, "ஷெட்டுக்கு வுடு," என்றார்.

நாங்கள் போய் நின்றபோது பெஞ்சு நிறைந்திருந்தது. முதலாளி கதவைத் திறந்த வேகத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"இவன் எங்கியோ கல்லுல வுட்டு இடிச்சிருக்கான், இல்லாட்டி நோண்டியிருக்கான்! எம் பொண்ணு கல்யாணம், வாசல்ல ரத்தமாட்டம்! டேய், சாவியக் குடுடா!"

நான் சாவியை எடுத்தேன். பாலக்கோடு கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் இல்லை என்று சொல்வதற்குப் பதில் சாவியை நீட்டினேன்.

"இருங்க மொதலாளி," என்று மேஸ்திரி நடுவில் வந்தார். பானெட்டைத் திறந்து குனிந்தார். கிளாம்பு மறுபடி புதைந்திருந்தது. திருகின் தலையில் தடவிய கறுப்பு கலைந்திருந்தது.

"நீங்கதான் கை கண்டுபுடிப்பீங்களே மேஸ்திரி! சொல்லுங்க, இத்தன பேரு முன்னால சொல்லுங்க. இவன் கைதான?" என்று முதலாளி பானெட்டின் மேல் கையை ஊன்றினார்.

அந்தக் கை என் கண்ணுக்கு நேராக இருந்தது. மேஸ்திரியின் கண்ணுக்கும் நேராக இருந்தது. மோதிரத்தின் அடியிலும் நக இடுக்கிலும் டார்ச் கட்டைக் கரி. காலையில் குளித்துப் பூசை முடித்து, ரேடியேட்டருக்குப் பொட்டு வைக்கிறபோது, கார் ஒழுகக்கூடாதே என்று இடுப்புக் கத்தியால் தினமும் ஒரு திருகு திருகியிருக்கிறார். அந்த நேரத்தில் நான் வேலைக்கு வந்திருக்கவே மாட்டேன். அவர் செய்வது தப்பு என்று அவருக்கே தெரியாது. கரி ஒட்டியதைக்கூடக் கார் அழுக்கு என்றுதான் நினைத்திருப்பார்.

மேஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். இப்படி ஒரு கை அவருக்கு அதற்கு முன்னால் மாட்டியதில்லை, இனிமேல் மாட்டப்போவதும் இல்லை. புளி மண்டி முதலாளி! ஊர் ஒரு வருஷம் பேசும். பிறகு என்னைப் பார்த்தார். நான் சாவியை நீட்டினபடியே நின்றிருந்தேன். இத்தனை பேர் முன்னால் முதலாளி தலைகுனிந்தால், அதைப் பக்கத்தில் நின்று பார்த்த டிரைவரை அவர் மறுநாள் வைத்திருப்பாரா?

துணியைத் தோளிலிருந்து எடுத்தார். மடித்தார். மறுபடி தோளில் போட்டார்.

"எங் கைதாங்க," என்றார்.

"என்னாது?"

"எங் கைதாங்க மொதலாளி. நாந்தான் ஒரு சுத்துக் கூட முறுக்கிட்டேன். ரப்பரு அறுந்துபோச்சு. கெட்டியா இருக்கட்டும்னு நெனச்சு முறுக்கறதுதான், ஆனா அது ஆவாது. கவ்வினாப் போதும். தம்பி மேல ஒண்ணுமில்ல."

கடைசி வார்த்தைகளை மெதுவாக, முதலாளியின் மோதிரத்தைப் பார்த்துச் சொன்னார். முதலாளியும் குனிந்து தன் கையைப் பார்த்தார். பானெட்டிலிருந்து அதை எடுத்து வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று.

"செரி... செரி பண்ணிக் குடுங்க," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமல், "சாவிய உள்ள வெய்யிடா. கையில புடிச்சுக்கிட்டு நிக்கறான்," என்றார்.

அந்த வாரமே மேஸ்திரியின் மானம் சந்தைக்கு வந்துவிட்டது. யார் வண்டியில் அவர் குனிந்து "யாரு கை வெச்சது?" என்று கேட்டாலும், பெஞ்சிலிருந்து பதில் வரும்: "ஒங்க கைதாங்க மேஸ்திரி!" களி கிண்டின பஸ் டிரைவர் மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு இதைக் கத்திக்கொண்டு போவார். மேஸ்திரி "சும்னிரப்பா!" என்று ஸ்பேனரை ஓங்குவார். ஆனால் நடந்தது இதுதான் என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "எவனோ ஒருத்தன் காருக்கு ஊரக் கூட்டி ஒத்துக்கறீங்க. என் ஸ்டவ்வுக்கு மட்டும் வாசர் பழசா?" என்று ஷெட்டு வாசலில் நின்றே கேட்டார். மேஸ்திரி ஸ்டவ்வை வாங்கி, கேள்வி கேட்காமல், சரிபண்ணிக் கொடுத்தார்.

எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று இருந்தது. ஷெட்டுக்குப் போவேன், நிற்பேன், "டீ குடிக்கறீங்களா மேஸ்திரி?" என்பேன். "இப்பத்தான் குடிச்சேன்" என்பார். திரும்பி வந்துவிடுவேன்.

தை மாதம் பாலக்கோட்டில் என் கல்யாணம் நடந்தது. முதலாளி, ஊர்வலத்துக்குத் தன் காரையே கொடுத்தார். மண்டி வேன் ஓட்டுகிறவன் டிரைவர் சீட்டில். நான் முதல் தடவையாகப் பின் சீட்டில், மாலையும் கழுத்துமாக. பக்கத்தில் என் சம்சாரம். மேளக்காரர்களுக்காகக் கார் காத்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தோளில் அந்தத் துணி மட்டும் இருந்தது. வந்தவர் என்னை வாழ்த்தவில்லை. நேராகக் காரின் முன்பக்கம் போய், துணியை அடியில் விரித்துக் குனிந்தார். அதே சமயம் முதலாளியும் இன்னொரு பக்கத்திலிருந்து, தினமும் செய்கிற பழக்கத்தில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இரண்டு தலைகளும் கண்ணாடியிலிருந்து மறைந்தன.

"என்னாங்க பாக்கறாங்க?" என்று என் சம்சாரம் மெதுவாகக் கேட்டாள். அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு அது.

"ஒழுவுதான்னு," என்றேன். நான் அவளிடம் பேசின முதல் பேச்சு அது.

காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து மேஸ்திரி, சின்னக் குரலில்: "யாரு கை வெச்சது, மொதலாளி?"

பிறகு முதலாளியின் குரல்.

"ஒங்க கைதான் மேஸ்திரி. அன்னிக்கப்பறம் வேற கை வெக்கல."

மேஸ்திரி எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். துணியை எடுத்து ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேளக்காரர்களைப் பார்த்துப் போகலாம் என்று கைகாட்டினார்.

"அதான் ஒழுவல," என்றார்.